லண்டன் ரயில்களில் சீட்டும் அட்டையும்: ஒரு குழப்பத்தின் வரலாறு

லண்டன் நகரிலும் அதைச் சூழ்ந்த தென்கிழக்கு இங்கிலாந்திலும் ரயில் ஏறுபவர் பலர் இன்று சீட்டு வாங்குவதில்லை. கடையில் பணம் செலுத்தப் பயன்படும் அதே வங்கி அட்டையையோ, அதைப் பதிந்து வைத்த கைபேசியையோ நிலைய வாயிலில் உள்ள மஞ்சள் நிறக் கருவியில் வைத்தால் கதவு திறக்கிறது. இறங்கும் நிலையத்தில் மறுபடியும் வைத்தால் பயணம் முடிந்ததாகக் குறிக்கப்பட்டு, உரிய கட்டணம் பின்னர் வங்கிக் கணக்கில் கழிக்கப்படுகிறது. காண்டாக்ட்லெஸ் என்று வழங்கும் இம்முறை நகரப் போக்குவரத்தை எளிதாக்கியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் எந்த நிலையம்வரை அட்டை செல்லும், எந்த வண்டியில் இறங்கும்போதும் தொட வேண்டும், முதியோருக்கும் மாணவருக்கும் உரிய சலுகை அதில் சேருமா, ஒரு பகுதித் தொலைவுக்கு ஏற்கெனவே சீட்டு வைத்திருப்பவர் அட்டையையும் தொட்டால் இருமுறை கட்டணம் போகுமா என்ற கேள்விகளுக்கு விடை வழிக்கு வழி மாறுபடுவதால், நேர்மையாகக் கட்டணம் செலுத்த முனைந்தவரே அபராதத்துக்கு உள்ளாவது நேர்கிறது. இக்குழப்பத்தைப் புதிய கருவிக்குப் பழகாத பயணியின் அறியாமை என்று ஒதுக்கிவிடுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. ரயில் நிறுவனங்களுக்கு இடையே இருந்த எல்லைகளைப் பயணியின் கண்ணில் படாமல் நெடுங்காலம் மறைத்துவைத்தது ஒரு சிறு அட்டைச் சீட்டு; அச்சீட்டு நீங்கியபோது எல்லைகள் நீங்கவில்லை, அவற்றை அறிந்து நடக்கும் பொறுப்பு மட்டும் நிறுவனத்திடமிருந்து பயணியிடம் வந்து சேர்ந்தது.

ரயில்வேயின் தொடக்க ஆண்டுகளில் கட்டணம் வாங்கும் முறை, அதற்கு முன் நெடுஞ்சாலைகளில் ஓடிய குதிரைவண்டிகளின் வழக்கத்தையே பின்பற்றியது. 1830-ல் திறக்கப்பட்ட லிவர்பூல்–மான்செஸ்டர் பாதை போன்றவற்றில் எழுத்தர் ஒவ்வொரு பயணிக்கும் தாளில் கையால் எழுதிக் கிழித்துக் கொடுத்தார். கூட்டம் பெருகியபோது அது நேரத்தைத் தின்றது மட்டுமன்றி, எழுத்தர் வாங்கிய பணம் முழுவதும் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்ததா என்று சரிபார்க்கவும் வழியில்லாமல் இருந்தது. இதற்குத் தீர்வு கண்டவர் 1792-ல் லங்காஸ்டரில் பிறந்த தாமஸ் எட்மண்ட்சன். குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த அவர் மரச்சாமான் தொழிலில் நொடித்துப்போன பின், நியூகாசில்–கார்லைல் ரயில்வேயின் மில்டன் என்ற சிறு நிலையத்தில் 1836-ல் பணியில் சேர்ந்தார். தடித்த அட்டையில் ஊர்ப்பெயரும் வகுப்பும் முன்கூட்டியே அச்சிட்டு, ஒவ்வொன்றுக்கும் வரிசையெண் இட்டு, விற்கும் கணத்தில் தேதியை மட்டும் ஓர் அழுத்துப் பொறியால் பதித்துக் கொடுப்பது அவர் கண்ட முறை. அப்பொறியைச் செய்வதில் கார்லைல் நகரின் கடிகாரத் தொழிலாளர் ஜான் பிளேலாக் அவருக்குத் துணைநின்றார். மாலையில் அடுக்கின் மேலே உள்ள எண்ணைப் பார்த்தாலே அன்று எத்தனை சீட்டு விற்றது, எவ்வளவு பணம் பெட்டியில் இருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். 1839-ல் மான்செஸ்டர்–லீட்ஸ் ரயில்வே எட்மண்ட்சனை அழைத்துக்கொண்ட பின் இம்முறை நாடெங்கும் பரவியது. பாதையின் ஒவ்வொரு மைலுக்கும் ஆண்டுக்குப் பத்து ஷில்லிங் என்ற உரிமத் தொகையை நிறுவனங்கள் அவருக்குச் செலுத்தின.

ஏறத்தாழ ஐந்தே முக்கால் சென்டிமீட்டர் நீளமும் மூன்று சென்டிமீட்டர் அகலமும் கொண்ட இந்த அட்டை தமிழ் வாசகர்க்கு அயலானதன்று. கணினிச் சீட்டு வருமுன் தமிழ்நாட்டு நிலையங்களின் சன்னலில் தேதி பதித்துத் தரப்பட்டதும், இலங்கை ரயில் நிலையங்களில் அண்மைக்காலம் வரை வழங்கியதும் எட்மண்ட்சன் வகுத்த அதே முறையில் அமைந்த அட்டைச் சீட்டே. பிரிட்டனில் அது 1990 வரை நீடித்தது. இவ்வளவு நீண்ட ஆயுளுக்குக் காரணம் அதன் எளிமை. எங்கிருந்து எங்கே, எந்த வகுப்பில், என்ன விலைக்கு என்ற உடன்படிக்கை பயணியின் கையிலேயே இருந்தது. பரிசோதகர் படித்ததும் பயணி படித்ததும் ஒரே எழுத்து.

அட்டைச் சீட்டுக்குப் பின்னால் பயணி அறியாத ஒரு பெருங்கணக்கு நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் ரயில் பாதைகள் தனித்தனி நிறுவனங்களின் உடைமை. ஒரு நகரிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் பயணி மூன்று நிறுவனங்களின் தண்டவாளத்தைக் கடக்க நேரிட்டால், தொடக்கத்தில் எல்லைதோறும் புதிய சீட்டு வாங்க வேண்டியிருந்தது. இத்தொல்லையை நீக்க 1842-ல் லண்டனின் யூஸ்டன் நிலையத்தின் அருகே ரயில்வே கணக்குத்தீர்வு இல்லம் தோன்றியது. வங்கிகள் தம்மிடையே காசோலைகளைத் தீர்த்துக்கொண்ட முறையைப் பார்த்து அமைக்கப்பட்ட இந்நிறுவனத்தை வடிவமைத்தவர் கென்னத் மாரிசன். தலைமை தாங்கியவர் வங்கியாளரும் லண்டன்–பர்மிங்காம் ரயில்வேயின் தலைவருமான ஜார்ஜ் கார் கிளின். ஏறும் ஊரில் வாங்கிய ஒரே சீட்டு இறங்கும் ஊர்வரை செல்லும். அந்தச் சீட்டின் பணத்தை எந்த நிறுவனத்தின் தண்டவாளத்தில் எத்தனை மைல் ஓடியது என்று கணக்கிட்டுப் பங்கிடுவது லண்டனில் உட்கார்ந்திருந்த எழுத்தர்களின் வேலை. இங்கிலாந்து ரயில்வேயின் பொறியியல் சாதனைகளைப் பேசும் நூல்கள் இந்த இல்லத்துக்கு ஒரு பத்தியோடு விடைகொடுப்பது வழக்கம்; பயணியின் பக்கம் நின்று பார்த்தால் பாலங்களுக்கும் சுரங்கங்களுக்கும் நிகரான சாதனை இது, ஏனெனில் நிறுவனங்களின் சிக்கலை நிறுவனங்களே சுமக்க வேண்டும் என்ற கொள்கை இங்கேதான் நடைமுறைக்கு வந்தது.

சட்டத்தின் நோக்கு வேறாக இருந்தது. சீட்டின் பின்புறத்தில் சிறு எழுத்தில் அச்சிட்ட விதிகள் பயணியைக் கட்டுப்படுத்துமா என்ற கேள்வி நீதிமன்றங்களுக்கு மீண்டும் மீண்டும் வந்தது. 1877-ல் முடிவான பார்க்கர் வழக்கில், சாரிங் கிராஸ் நிலையப் பொருள்காப்பறையில் பை ஒன்றை ஒப்படைத்தவர், பத்துப் பவுண்டுக்கு மேற்பட்ட இழப்புக்குப் பொறுப்பில்லை என்ற சீட்டின் வாசகத்தைப் படிக்கவில்லை என்று வாதிட்டார். விதி உண்டு என்பதற்குப் போதிய அறிவிப்பைத் தந்திருந்தால் படித்தாலும் படிக்காவிட்டாலும் அது கட்டுப்படுத்தும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் நெறி வகுத்தது. அந்நெறி எவ்வளவு தூரம் நீளும் என்பதை 1930-ன் தாம்ஸன் வழக்கு காட்டியது. சலுகை விலைச் சீட்டில் பயணம் செய்த எழுத்தறிவற்ற பெண் ஒருவர் இறங்கும்போது விழுந்து காயமுற்றார். சீட்டின் முகப்பில் பின்புறம் பார்க்க என்றும், பின்புறத்தில் கால அட்டவணை நூலின் விதிகளைப் பார்க்க என்றும் இருந்தது. அந்நூலைத் தனியே ஆறு பென்ஸ் கொடுத்து வாங்க வேண்டும். போதிய அறிவிப்பு இல்லை என்று ஜூரிகள் கருதியும், நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. படிக்கத் தெரியாதவர்மேல், கையில் இல்லாத நூலின் விதியைச் சுமத்திய இத்தீர்ப்பு அக்காலத்திலேயே கடுமையானது. இன்றைய குழப்பத்தைப் புரிந்துகொள்ள அதை நினைவில் வைத்திருப்பது தேவை.

இவ்விரு வழக்குகளுக்கும் இடையில் வந்தது 1889-ஆம் ஆண்டின் ரயில்வே ஒழுங்குமுறைச் சட்டம். அதன் ஐந்தாம் பிரிவின்படி, கேட்கும்போது பயணி சீட்டைக் காட்ட வேண்டும், இல்லையேல் ஏறிய இடத்திலிருந்து கட்டணத்தைச் செலுத்த வேண்டும், அதுவும் இல்லையேல் தன் பெயரையும் முகவரியையும் தர வேண்டும். கட்டணத்தைத் தவிர்க்கும் எண்ணத்துடன் பயணம் செய்தல் குற்றம். எண்ணம் என்ற சொல்லுக்கு இச்சட்டத்தில் உயிர்நாடியான இடம் உண்டு. ரயில்வே துணைவிதிகள் என்று பின்னர் வகுக்கப்பட்டவை அதையும் நீக்கின. செல்லத்தக்க சீட்டு இல்லாமல் வண்டியில் ஏறுவதே அவற்றின்படி குற்றம், ஏமாற்றும் நோக்கம் இருந்ததா என்ற ஆராய்ச்சி தேவையில்லை. சீட்டு என்பது முன்கூட்டியே வாங்கப்பட்டு, ஊர்ப்பெயர் எழுதப்பட்டு, பையில் கிடக்கும் ஒரு பொருள் என்ற எண்ணமே இவ்விதிகளுக்கு அடிப்படை.

லண்டன் நகரின் கட்டண வரலாறு இதனோடு சேர்ந்தும் விலகியும் நடந்தது. 1900-ல் திறந்த மத்திய லண்டன் சுரங்க ரயில் எவ்வளவு தொலைவுக்கும் இரண்டு பென்ஸ் என்ற ஒரே கட்டணத்தை வைத்து மக்களின் அன்பைப் பெற்றது; 1907-ல் அம்முறை கைவிடப்பட்டு, தொலைவுக்கேற்ற கட்டணம் திரும்பியது. அதன்பின் பெரிய மாற்றம் 1981-ல்தான் நிகழ்ந்தது. கென் லிவிங்ஸ்டன் தலைமையிலான பெருலண்டன் மன்றம் கட்டணங்களைக் குறைத்ததும், புறநகரான பிராம்லியின் மன்றம் தொடுத்த வழக்கில் பிரபுக்கள் சபை அக்குறைப்பைச் சட்டவிரோதம் என்று தள்ளியதும் அரசியல் வரலாற்றில் பேசப்படுகின்றன. அந்தப் பூசலின் விளைவாக நிலைத்தது மண்டல முறை. நகரை நடுவிலிருந்து வெளிநோக்கி விரியும் வளையங்களாகப் பிரித்து, எத்தனை வளையங்களைக் கடக்கிறார் என்பதைக் கொண்டு கட்டணம் விதிப்பதே மண்டல முறை. 1983-ல் சுரங்க ரயிலுக்கும் பேருந்துக்கும் பொதுவான டிராவல்கார்டு வந்தது; 1985-ல் அரசு நிறுவனமான பிரிட்டிஷ் ரயிலின் புறநகர் வண்டிகளையும் உள்ளடக்கிய கேப்பிட்டல்கார்டு சேர்ந்தது; 1989-ல் இரண்டும் ஒன்றாயின. மண்டலத்துக்குள் எந்த வண்டி யாருடையது என்று பயணி கேட்க வேண்டாத நிலை அப்போது உருவானது.

1993-ன் ரயில்வேச் சட்டம் பிரிட்டிஷ் ரயிலைக் கலைத்து, பயணி வண்டிகளை 25 உரிம நிறுவனங்களிடம் பகிர்ந்தளித்தது. முன்பு கணக்குத்தீர்வு இல்லம் செய்த வேலையை இப்போது கணினி செய்தது. ஆனால் கட்டணக் கொள்கையில் நகர நிர்வாகமும் தனியார் நிறுவனங்களும் வேறு வேறு நலன்களோடு நின்றன. இந்த விரிசலின் மேல்தான் மின்னணு அட்டை வந்து உட்கார்ந்தது.

லண்டன் போக்குவரத்து நிர்வாகம் 2003-ல் வெளியிட்ட ஓய்ஸ்டர் அட்டை, உள்ளே சிறு சில்லும் கம்பிச் சுருளும் கொண்ட நெகிழித் தகடு. கருவியின் அருகே கொண்டு சென்றால் அதன் காந்தப் புலத்திலிருந்தே மின்சாரம் பெற்றுத் தகவலைப் பரிமாறும். பணத்தை முன்கூட்டியே ஏற்றிவைத்து, பயணத்துக்குப் பயணம் கழித்துக்கொள்ளும் வசதி 2004-ல் தொடங்கியது. ஒரு நாளில் எத்தனை முறை ஏறினாலும் குறித்த தொகைக்கு மேல் கழிக்காத உச்சவரம்பு 2005-ல் சேர்ந்தது. மீதித் தொகையும் கடைசியாக நுழைந்த நிலையமும் அட்டைக்குள்ளேயே எழுதப்படும்; வெளியேறும்போது வாயிற்கருவி தன்னிடமுள்ள கட்டணப் பட்டியலைப் பார்த்து உடனே கணக்கிடும். வெளியேறும்போது தொடாவிட்டால் பயணி எங்கே இறங்கினார் என்று தெரியாதாகையால், அதிகபட்சக் கட்டணம் என்ற கூடிய தொகை கழிக்கப்படும். சீட்டின் காலத்தில் இத்தகைய கடமையே இல்லை. இறங்கும் ஊர் சீட்டிலேயே எழுதியிருந்தது. மின்னணு அட்டைக்கு இறங்கும் ஊர் முன்கூட்டித் தெரியாது என்பதே இரண்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு, பின்வந்த குழப்பங்களில் பெரும்பகுதி இதிலிருந்தே கிளைத்தது.

நகரத்துள் ஓடிய தனியார் ரயில்கள் ஓய்ஸ்டரை முழுமையாக ஏற்க 2010 ஜனவரி வரை ஆயிற்று. ஏற்றபோதும் ஒரு நிபந்தனையோடு ஏற்றன. மாதச் சீட்டை ஓய்ஸ்டரில் வைத்திருக்கும் பயணி தன் மண்டலத்துக்கு அப்பால் தனியார் ரயிலில் போக விரும்பினால், ஓய்ஸ்டர் நீட்டிப்பு அனுமதி என்ற மின்னணுக் குறிப்பைப் பயணத்துக்கு முன்பே அட்டையில் பதிந்துகொள்ள வேண்டும். அனுமதிக்குக் கட்டணமில்லை; ஆனால் அட்டையில் போதிய பணம் ஏற்றியிருந்தும் அனுமதியைப் பதியாதவர் அபராதத்துக்கு உரியவர். தடுப்புக் கதவு இல்லாத புறநகர் நிலையங்களில் இறங்குபவர் தொடாமல் போய்விடுவார் என்ற நிறுவனங்களின் அச்சமே இதற்குக் காரணம். மாதச் சீட்டு வாங்கும் நிலையான பயணிகளை ஐயத்தோடு பார்த்த இந்த ஏற்பாடு மூன்று ஆண்டுகளில், 2013-ல், கைவிடப்பட்டது. அத்தனை பேரைக் குழப்பிய ஒரு விதியை எடுத்தபின் வருவாய் ஏதும் நிலைகுலையவில்லை என்பது, அது தொடக்கத்திலேயே தேவையற்றது என்பதற்குச் சான்று.

இதற்குள் வங்கிகள் வேறொரு வழியில் முன்னேறியிருந்தன. பிரிட்டனில் 2007-ல் காண்டாக்ட்லெஸ் வங்கி அட்டைகள் புழக்கத்துக்கு வந்தன. சொந்த அட்டை அச்சிட்டு, பணம் ஏற்றும் இயந்திரங்களைப் பராமரித்து, மீதித் தொகைகளைக் காத்துவைக்கும் செலவைக் குறைக்க விரும்பிய லண்டன் போக்குவரத்து நிர்வாகம், ஷஷி வர்மா போன்ற அதிகாரிகளின் முயற்சியால் வங்கி அட்டையையே நேரடியாக ஏற்கத் துணிந்தது. 2012 டிசம்பரில் பேருந்துகளிலும், 2014 செப்டம்பர் 16 முதல் சுரங்க ரயிலிலும் நகரத்துப் பிற ரயில்களிலும் இது நடைமுறைக்கு வந்தது. கடையில் அட்டையைத் தொடும்போது வங்கியின் ஒப்புதலுக்குச் சில நொடி காத்திருக்கலாம். நெரிசல் நேர வாயிலில் அரை நொடிக்குமேல் காத்திருக்க முடியாது. ஆகவே வாயிற்கருவி அட்டை உண்மையானதா, தடைப்பட்டியலில் உள்ளதா என்று மட்டும் பார்த்துக் கதவைத் திறந்துவிடுகிறது. நேரமும் இடமும் மையக் கணினிக்குப் போகின்றன; அதிகாலை 4.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் அதிகாலை 4.29-க்கு முடியும் நாளின் எல்லாத் தொடுதல்களையும் அக்கணினி கோத்து, பயணங்களாக்கி, உச்சவரம்பைப் பார்த்து, மொத்தத் தொகையைக் கழிக்கிறது. அட்டையில் எதுவும் எழுதப்படுவதில்லை. வண்டிக்குள் பரிசோதகர் தம் கருவியில் அட்டையை வைக்கச் சொன்னால், பயணி தொட்டு ஏறினாரா என்பது பின்னர் மைய அலுவலகத்தில் ஒப்பிட்டே முடிவாகிறது. எட்மண்ட்சனின் அட்டையில் பயணியும் பரிசோதகரும் ஒரே எழுத்தைப் படித்தனர். இங்கே இருவர் கையிலும் படிக்க எதுவுமில்லை.

பொறியியல் நோக்கில் இது வியக்கத்தக்க அமைப்பு. 2016-ல் அதன் உரிமத்தைப் பிற நகரங்களுக்கு விற்க, கட்டணக் கருவிகளைச் செய்யும் கியூபிக் நிறுவனத்துடன் 15 மில்லியன் பவுண்டு உடன்பாடு ஏற்பட்டதும் அதனால்தான். ஆனால் அது நகரத்துக்கென்று வகுக்கப்பட்டது. நகரத்துக்கு வெளியே நீண்டபோது ஒவ்வொரு நீட்டிப்பும் ஒரு விதிவிலக்கோடு நீண்டது. 2016-ல் கேட்விக் விமான நிலையம்வரை ஓய்ஸ்டரும் வங்கி அட்டையும் இரண்டுமே செல்லும் என்றாயிற்று. லூட்டன் விமான நிலையத்துக்கான ரயில் நிலையத்திலோ வங்கி அட்டை மட்டும் செல்லும், ஓய்ஸ்டர் செல்லாது. மேற்கே 2020 ஜனவரியில் ரெடிங் நகர்வரை வங்கி அட்டை நீட்டிக்கப்பட்டபோது, அதே பாதையில் ஓய்ஸ்டர் வெஸ்ட் டிரெய்ட்டனோடு நின்றுவிட்டது. பழைய அட்டையும் வாயிற்கருவியும் தாங்கக்கூடிய மண்டலங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு இருந்ததால் அதை மேலும் நீட்ட இயலவில்லை. இரண்டு அட்டைகளையும் ஒரே மஞ்சள் கருவியில்தான் தொட வேண்டும். லண்டன் முனையில் இரண்டுக்கும் ஒரே கதவு திறக்கும். எல்லை எங்கே என்பதை அந்தக் கதவு சொல்லாது.

குழப்பத்தின் மையம் இதுவே. பேடிங்டன் நிலையத்தில் வங்கி அட்டையைத் தொடுபவர் ரெடிங்கில் இறங்கினால் முறையான பயணி. அதே வண்டியில் எல்லைக்கு அப்பாலுள்ள ஸ்விண்டன்வரை போனால் செல்லத்தக்க சீட்டு இல்லாதவர். கதவு இருவருக்கும் ஒன்றாகவே திறந்தது, ஏனெனில் அவர் எங்கே போகிறார் என்று கேட்க அதற்கு வழியில்லை. திறந்த கதவை அனுமதியாகக் கொள்வது மனித இயல்பு; எட்மண்ட்சன் காலம்முதல் சீட்டைப் பார்த்தபின் வழிவிடுவதே வாயிலின் வேலையாக இருந்ததால், அந்த இயல்புக்கு வரலாற்று நியாயமும் உண்டு. 2025 பிப்ரவரியில் மேலும் 47 நிலையங்கள் இம்முறைக்குள் வந்தபோது எல்லை விலகிப் போயிற்றே தவிர மறைந்துவிடவில்லை.

எல்லைக்கு உட்பட்ட பகுதியிலும் விதிகள் ஒருமைப்பட்டவை அல்ல. பேருந்திலும் டிராம் வண்டியிலும் ஏறும்போது மட்டும் தொட வேண்டும். சுரங்க ரயிலில் இருமுறை தொட வேண்டும். கிழக்கு லண்டனின் டாக்லேண்ட்ஸ் இலகு ரயிலில் பெரும்பாலான நிலையங்களில் தடுப்புக் கதவே இல்லாவிட்டாலும் இருமுறை தொட்டாக வேண்டும். விம்பிள்டனில் டிராம் ஏறுபவர் நிலைய வாயிலில் தொட்ட பின்னும் டிராம் மேடையில் இன்னொருமுறை தொட வேண்டும். ஹைபரி–இஸ்லிங்டன், கனடா வாட்டர் போன்ற மாறுமிட நிலையங்களில் இளஞ்சிவப்புக் கருவிகள் உள்ளன. விலையுயர்ந்த நடு மண்டலத்தைத் தவிர்த்துச் சுற்றுவழியில் வந்தவர் அவற்றில் தொட்டால்தான் குறைந்த கட்டணம் கிடைக்கும், தொடாதவர் நடு மண்டலம் வழியே வந்தவராகவே கணக்கிடப்படலாம். இவற்றில் ஒவ்வொரு விதிக்கும் தனித்தனியே காரணம் உண்டு. எல்லாவற்றையும் ஒருசேர நினைவில் வைத்திருப்பது, நாள்தோறும் அதே வழியில் செல்பவர்க்கன்றி மற்றவர்க்கு இயலாது.

வங்கி அட்டைக்கே உரிய வேறு சிக்கல்களும் சேர்ந்தன. ஒரே கணக்கின் அட்டையைக் கைபேசியில் பதிந்திருந்தாலும், கைபேசி கருவிக்குச் சொல்வது வேறோர் எண். பாதுகாப்புக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. அட்டையால் நுழைந்து கைபேசியால் வெளியேறுபவர், கணினியின் கண்ணில் முடிவுறாத இரண்டு பயணங்களைச் செய்த இரண்டு ஆட்கள். இரண்டு அதிகபட்சக் கட்டணங்கள் விழும். பணப்பையைத் திறவாமலே கருவியில் வைப்பவரிடம் உள்ள பல அட்டைகளில் நுழையும்போது ஒன்றும் வெளியேறும்போது மற்றொன்றும் படிக்கப்பட்டாலும் இதே கதிதான். முதியோர், இளையோர் முதலியோர்க்குக் கட்டணத்தில் மூன்றிலொரு பங்கு தள்ளுபடி தரும் ரயில்கார்டு என்ற சலுகையை ஓய்ஸ்டரில் நிலைய ஊழியர் பதிந்து தர முடியும். வங்கி அட்டையில் பதிய வழியில்லாமல் இருந்தது. வாரத்துக்கான உச்சவரம்பு 2014 முதல் வங்கி அட்டைக்கு இருந்தது, ஓய்ஸ்டருக்கு 2021-ல்தான் வந்தது. நெரிசலற்ற நேரம் என்பது தாள் சீட்டில் ஒருவிதமாகவும் தொடும் முறையில் இன்னொருவிதமாகவும் வகுக்கப்பட்டிருந்ததால், போக வர இரண்டுமுறை அட்டையைத் தொடுவதைவிடத் தாளில் இருவழிச் சீட்டு வாங்குவதே மலிவாக அமையும் வழிகளும் உண்டு. நீண்ட தொலைவிலிருந்து வருபவரின் தாள் சீட்டில் ஒரு சிறு சிலுவைக் குறி அச்சிடப்பட்டிருந்தால், லண்டனின் ஒரு முனையத்திலிருந்து மற்றொன்றுக்குச் சுரங்க ரயிலில் செல்லும் உரிமை அதில் அடங்கும். இதை அறியாமல் வங்கி அட்டையைத் தொட்டு, செலுத்திய கட்டணத்தையே மறுபடி செலுத்துவோர் உண்டு. கணினி தானாகக் கண்டறிந்து கூடுதல் தொகையைத் திருப்பித் தரும் ஏற்பாடு ஓரளவு இருக்கிறது. அது அடிக்கடி ஒரே வழியில் போவோருக்கே பெரிதும் உதவும், எப்போதாவது வருபவர்க்கு அன்று.

நெதர்லாந்தின் அனுபவம் இங்கே ஒப்பிடத் தக்கது. அந்நாடு ஓவி சிப்கார்ட் என்ற ஒரே அட்டையை எல்லா வண்டிகளுக்கும் பொதுவாக்கியது; ஆனால் ஒரு நிறுவனத்தின் ரயிலிலிருந்து மற்றொன்றின் ரயிலுக்கு மாறுபவர், ஒரே நிலையத்தில் நின்றவாறே முதல் நிறுவனத்தின் கம்பத்தில் வெளியேறி, இரண்டாம் நிறுவனத்தின் கம்பத்தில் நுழைய வேண்டியிருந்தது. அட்டை ஒன்றாக இருப்பதால் மட்டும் எல்லை மறையாது என்பதற்கு அக்கம்பங்களைவிடத் தெளிவான சான்று தேடினாலும் கிடைக்காது. யூஸ்டனின் எழுத்தர்கள் செய்த வேலையை அங்கே பயணி தம் கையால் செய்தார்.

இத்தனை நுட்பமும் சட்டத்தின் முன் வரும்போது வெறும் ஒரு கேள்வியாகச் சுருங்குகிறது: செல்லத்தக்க சீட்டு இருந்ததா, இல்லையா. தேசிய ரயில்களில் 20 பவுண்டாக இருந்த அபராதக் கட்டணம் 2023 ஜனவரியில், பயணக் கட்டணம் நீங்கலாக, 100 பவுண்டாக உயர்ந்தது; விரைந்து செலுத்துவோர்க்கு அது பாதியாகக் குறையும். லண்டன் போக்குவரத்து நிர்வாகத்தின் அபராதமும் 2024-ல் 80-லிருந்து 100 பவுண்டு ஆயிற்று. அபராதத்தோடு முடியாமல் நீதிமன்றம்வரை போன வழக்குகளின் கதை இன்னும் கவலைக்குரியது. ஒற்றை நீதிபதி நடைமுறை என்பது, சிறு குற்றங்களை ஒரு நீதிபதி ஆவணங்களை மட்டும் பார்த்து, மன்றம் கூடாமல் தீர்ப்பளிக்க 2015-ல் ஏற்பட்ட ஏற்பாடு. 2016-ல் ரயில் நிறுவனங்களுக்கும் அதைப் பயன்படுத்தும் உரிமை கிடைத்தது. ஆனால் அவ்வுரிமை துணைவிதிகளுக்கு மட்டுமே, எண்ணத்தை ஆராய வேண்டிய 1889-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அன்று. பல நிறுவனங்கள் அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் பழைய சட்டத்தின் கீழும் வழக்குகளை இவ்வழியில் நடத்தின. 2024 ஆகஸ்ட் 15 அன்று தலைமை மாஜிஸ்திரேட் பால் கோல்ட்ஸ்பிரிங், முன்மாதிரியாக எடுத்துக்கொண்ட ஆறு வழக்குகளையும் செல்லாதவை என்று அறிவித்தார். அதே தவறு படிந்த வழக்குகள் ஏறத்தாழ 74,000 என்று மதிப்பிடப்பட்டது. கட்டண விதியை நுணுக்கமாக அறிந்திருக்கவில்லை என்று பயணிகளைக் குற்றவாளிகளாக்கிய நிறுவனங்கள், தம் கையிலிருந்த சட்டத்தையே சரியாகப் படித்திருக்கவில்லை. எவரேனும் அறியாமைக்குப் பொறுப்பேற்க வேண்டுமாயின், வழக்கறிஞர்களை வைத்திருந்த தரப்பே முதலில் ஏற்க வேண்டும்.

அதே ஆண்டின் இறுதியில், ரயில்கார்டுச் சலுகைக்கு உரிய நேர வரம்பை அறியாமல் 1.90 பவுண்டு குறைவாகச் செலுத்திய இளைஞர் ஒருவர்மேல் வழக்குத் தொடரப்படவிருந்த செய்தி நாடெங்கும் பரவியது; பின்னர் அவ்வழக்கு கைவிடப்பட்டது. அதையடுத்து அரசு கேட்டுக்கொண்டபடி ரயில் மற்றும் சாலை ஒழுங்குமுறை அலுவலகம் நடத்திய ஆய்வு 2025 ஜூனில் வெளிவந்தது. சரியான சீட்டை வாங்குவதை எளிதாக்குதல், தவறியவரை எல்லா நிறுவனங்களும் ஒரே விதமாக நடத்துதல், வழக்குத் தொடுப்பதில் நியாயம் காத்தல் ஆகியவை அதன் பரிந்துரைகள். கணக்குத்தீர்வு இல்லம் கலைந்த பிறகு, பயணி எதிர்கொள்ளும் சிக்கலை நிறுவனங்களின் பொறுப்பாகப் பேசிய அதிகாரபூர்வ ஆவணங்கள் சிலவே. அவற்றுள் இதற்கு இடம் உண்டு.

2025 செப்டம்பரில் லெஸ்டர், டர்பி, நாட்டிங்காம் நகரங்களுக்கு இடையே ஒரு சோதனை தொடங்கியது. கைபேசிச் செயலி பயணி போகும் வழியை இருப்பிடக் குறிப்புகளால் தானே அறிந்து, நாளின் முடிவில் பொருந்தும் கட்டணத்தைக் கழிப்பது அதன் முறை. வாயிலில் தொடும் கருவிகள் இதற்குத் தேவையில்லை, ஆகவே லண்டனைப் போலச் செலவு மிக்க வாயில்கள் அமைக்க இயலாத சிறு நிலையங்களுக்கும் இது நீளக்கூடும். இறங்கும்போது தொட மறந்ததற்கு அபராதம் என்ற நிலை இதில் எழாது. மறுபுறம், பயணியின் ஒவ்வோர் அசைவும் பதிவாகிறது. கைபேசியின் மின்கலம் தீர்ந்துபோனால் பயணத்தை மெய்ப்பிக்க வேறு சான்று இல்லை. சோதனையில் சேர்ந்தவர்களுக்குச் செயலி ஒரு பட்டைக்குறியையும் திரையில் தந்தது: பரிசோதகர் கேட்டால் எடுத்துக் காட்டுவதற்கு.